நமீப் பாலைவனத்துக் கரையோர ஊர்கள்: மும்பையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

2008 ஆகஸ்டில் ஜெய்லா என்ற பழைய மீன்பிடிக் கப்பல் நமீபியாவின் வால்விஸ் பே துறைமுகத்திலிருந்து மும்பைக்குப் புறப்பட்டது. பழைய இரும்புக்காக ஓர் இந்தியக் கம்பெனி அதை வாங்கியிருந்தது. துறைமுகத்தை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததுமே இழுவைக் கயிறு கழன்று, ஹென்டீஸ் பே என்கிற ஊருக்குத் தெற்கே சுமார் 14 கிலோமீட்டரில் கரைதட்டி நின்றுவிட்டது. அப்புறம் அதை யாரும் எடுக்கவில்லை. மேலெல்லாம் நீர்க்காகங்கள் உட்கார்ந்திருக்க, அலை அடித்து அடித்துத் துருவேறிப்போய் அங்கேயே கிடக்கிறது. என் அப்பா மும்பைத் தாருகானாவில் கப்பல் உடைக்கிற ஒரு கடையில் கணக்கு எழுதினார், நான் அந்தச் சுத்தியல் சத்தத்தில் வளர்ந்தவன். நம் ஊருக்கு வந்து சேராத கப்பலைப் போய்ப் பார்க்கவேண்டும் என்றுதான் முதல் தடவை கிளம்பினேன். பார்த்துவிட்டு வந்தபிறகு, கப்பலைவிட அந்தக் கரையில் இருக்கிற ஊர்கள்தான் மனதில் நின்றன. மூன்று வருடம் கழித்து மனைவியையும் அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். இரண்டு பயணத்திலும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரைபடத்தை எடுத்து வையுங்கள். வடக்கே ஸ்வகோப்முண்ட், அதற்கு 35 கிலோமீட்டர் தெற்கே வால்விஸ் பே, வெகு தூரம் கீழே லூடரிட்ஸ். மூன்றும் அட்லாண்டிக் கரையில்தான் இருக்கின்றன, அதனால் கரையோரமாகவே ஓட்டிப் போய்விடலாம் என்று தோன்றும். முடியாது. வால்விஸ் பேக்கும் லூடரிட்ஸுக்கும் நடுவே கடல் வரைக்கும் மணல்மேடுகள்தான், ரோடே கிடையாது. யுனெஸ்கோ 2013ல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த நமீப் மணற்கடல் அதுதான். ஒரு கரையோர ஊரிலிருந்து அடுத்த கரையோர ஊருக்குப் போக உள்நாட்டுக்குள் போய், பெரிய வளையம் சுற்றி, மறுபடி கடலுக்கு இறங்கவேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு வாரத்துக்கு டிக்கெட் போட்டவர்கள் லூடரிட்ஸைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். குறைந்தது பத்து, பதினோரு நாள் ஒதுக்குங்கள். இல்லையென்றால் ஸ்வகோப்முண்ட் பக்கம் மட்டும் நிதானமாகப் பாருங்கள், அதுவும் நல்ல பயணம்தான்.

மும்பையிலிருந்து தலைநகர் விண்ட்ஹூக்குக்கு நேர் விமானம் இல்லை. அடிஸ் அபாபா வழியாகவோ ஜோகன்னஸ்பர்க் வழியாகவோ மாறிப் போகவேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், அதன் நடைமுறை அவ்வப்போது மாறுவதால் டெல்லியில் இருக்கிற நமீபியத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருக்கவேண்டும். ஓட்டுநர் உரிமம் உங்களுக்கு எந்த ஆர்.டி.ஓ.வில் இருக்கிறதோ அங்கேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்கலாம், ஒரு வருடம் செல்லும். அடிஸ் அபாபா வழி போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்கவே கூடாது. எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருக்கிறது, திரும்பி வரும்போது நம் மும்பை விமான நிலையத்திலேயே தடுப்பூசி போட்டதற்கான மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும், அதனால் கடைசி வாரத்தில் அலையாதீர்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

பணத்துக்குக் கவலை வேண்டாம். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒன்றுக்கு ஒன்று, ராண்டையே கொண்டு போனாலும் எல்லாக் கடையிலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் மிச்சமான நமீபிய டாலரைத் தென்னாப்பிரிக்காவில் வாங்கமாட்டார்கள், அங்கேயே செலவழித்துவிட்டு வாருங்கள். கார்டு பெரிய ஊர்களில் செல்லும். நடுவில் இருக்கிற தனி பெட்ரோல் பங்க்குகளில் மெஷின் வேலை செய்யாமல் போனால் ரொக்கம்தான், ஒரு டாங்க் நிரப்புகிற அளவுக்குப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

மின்சாரப் பிளக் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். நம் வீட்டில் ஏ.சி.க்கும் கீசருக்கும் இருக்கிறதே பெரிய மூன்று குச்சி பிளக், அதேதான் அங்கே சுவரில் பொதுவாக இருக்கும். லாமிங்டன் ரோட்டில் எந்தக் கடையிலும் பெரிய பின்னிலிருந்து சின்னப் பின்னுக்கு மாற்றுகிற அடாப்டர் கிடைக்கும், இரண்டு வாங்கிப் போடுங்கள். விமான நிலையத்தில் விற்கிற உலக அடாப்டர்கள் பலவற்றில் இந்தப் பெரிய பின் இருக்காது.

எப்போது போவது என்றால், கரையோரம் வருடம் முழுக்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அண்டார்டிக் பக்கமிருந்து வருகிற பெங்குவேலா நீரோட்டம் கடலை ஐஸ் மாதிரி வைத்திருக்கிறது. அந்தக் குளிர்ந்த கடல்மேல் வருகிற காற்றில் மழை கட்டுவதில்லை, மூடுபனியாகத்தான் கரைக்குள் வருகிறது. 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது நமக்கெல்லாம் மறக்காது. ஸ்வகோப்முண்டில் ஒரு வருட மழையே 20 மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது, அன்றைக்கு நாம் ஒரு நாளில் வாங்கியதை அந்த ஊர் வாங்க நாற்பது வருடத்துக்கு மேல் ஆகும். பாலைவனம் என்று பருத்திச் சட்டை மட்டும் எடுத்துப்போனால் முதல் மாலையே நடுங்கிப்போவீர்கள். காற்றை நிறுத்துகிற ஜாக்கெட், காதை மூடுகிற குல்லா, கண்ணுக்கு மணல் படாத கண்ணாடி மூன்றும் வேண்டும். நம் பள்ளி விடுமுறைக்கு ஏப்ரல், மே ரொம்பப் பொருத்தம். டிசம்பர், ஜனவரியில் விண்ட்ஹூக்காரர்கள் எல்லாம் கடற்கரைக்கு இறங்கிவிடுவதால் அறை கிடைப்பது கஷ்டம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சில நாள் கிழக்கிலிருந்து பாலைவனக் காற்று அடிக்கும், அப்போது மட்டும் கரையில் சூடும் மணல் புயலும் சேர்ந்து வரும்.

இனி வண்டி. இதில்தான் நேரம் செலவிடவேண்டும்.

அங்கேயும் இடதுபக்க ஓட்டம், ஸ்டியரிங் வலதுபக்கம், அதனால் நமக்குப் பழக ஒரு மணி நேரம்கூட ஆகாது. விண்ட்ஹூக்கிலிருந்து ஸ்வகோப்முண்ட் போகிற வழி, சுமார் 360 கிலோமீட்டர், பெரும்பகுதி பி2 ரோடு, நல்ல தார் ரோடு. சி என்று தொடங்குகிறவை பெரும்பாலும் சரளை. சரளை ரோட்டைப் பார்த்தால் அகலமாக, காலியாக, நேராக இருக்கும், நூறில் போகலாம் போலத் தோன்றும். போகாதீர்கள். எண்பதைத் தாண்டினால் வளைவில் பின்சக்கரம் வழுக்கும், பதறி பிரேக்கை அழுத்தினால் வண்டி உருண்டுவிடும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு அங்கே நடக்கிற விபத்துகளில் இப்படித் தானாக உருண்டவையே நிறைய. வளைவுக்கு முன்னாலேயே காலை எடுங்கள், வளைவில் பிரேக்கைத் தொடாதீர்கள், எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து இடதுபக்கம் ஒதுங்குங்கள், ஏனென்றால் அந்த வண்டி கிளப்புகிற தூசியில் ஐந்து விநாடி ஒன்றும் தெரியாது.

டயரில் காற்று எவ்வளவு என்பது அடுத்தது. தார் ரோட்டில் 32, 35 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் சரளையில் 26, 28க்கு இறக்கவேண்டும். அங்கே பார் கணக்கில் சொல்வார்கள், 1.8லிருந்து 2 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி கொடுப்பவரிடம் அந்த மாடலுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காற்று குறைந்தால் கூர்மையான கல் டயரைக் கிழிப்பது குறையும், துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியாக இருக்கிற ரோட்டில் உடம்பும் அதிராது. மறுபடி தார் ரோட்டுக்கு வந்ததும் முதல் பங்க்கில் ஏற்றிவிடுங்கள்.

முதல் பயணத்தில் வண்டியை வாங்கும்போது நான் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சி14 ரோட்டில், வால்விஸ் பேயிலிருந்து நூறு கிலோமீட்டர் தாண்டி, பின் டயர் போய்விட்டது. ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிறது, அதை இறக்க ஒரு நீளக் கம்பியை பம்பருக்கு மேலே இருக்கிற சின்ன ஓட்டைக்குள் விட்டுத் திருக வேண்டும். எந்தக் கம்பி, எந்த ஓட்டை என்று கண்டுபிடிக்கவே அரைமணி ஆனது. அப்புறம் ஜாக்கியை வைத்துத் தூக்கினால் வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் சரளைக்குள் இறங்குகிறது. அந்த வழியாக வந்த ஒரு பண்ணைக்காரர் நிறுத்தி, தன் வண்டியிலிருந்து ஓர் அடிக்கு ஓர் அடி மரப்பலகையை எடுத்து ஜாக்கிக்கு அடியில் வைத்தார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பலகையை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

அதனால் இரண்டாவது தடவை வாடகைக் கடை வாசலிலேயே மச்சானை விட்டு ஸ்டெப்னியை ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றச் சொன்னேன். ஜாக்கி, பானா, இரண்டு ஸ்டெப்னி, டயர் காற்றுப் பார்க்கிற மீட்டர், சின்ன கம்ப்ரஸர், ஒரு பலகை. இவ்வளவும் கண்ணால் பார்த்துத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கிளம்பவேண்டும். டயருக்கும் கண்ணாடிக்கும் தனியாக இன்சூரன்ஸ் கேட்டு வாங்குங்கள், சாதாரண பாலிசியில் பெரும்பாலும் இவை இரண்டும் சேராது.

பெட்ரோலுக்கு ஒரே விதி, பங்க்கைக் கண்டால் நிரப்பு. அரை டாங்க் இருக்கிறதே என்று தாண்டிப் போகாதீர்கள். வால்விஸ் பேயை விட்டால் சாலிட்டேர் என்கிற சின்ன ஊர் வரைக்கும் 230 கிலோமீட்டருக்கு ஒன்றும் கிடையாது. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர், குடிக்கிறோமோ இல்லையோ வண்டியில் இருக்கவேண்டும். போன் சிக்னல் ஊர் தாண்டிய கொஞ்ச நேரத்தில் போய்விடும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கிளம்பும்போது தங்குமிடத்துக்கு போன் பண்ணி இந்த ரோட்டில் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், பயணத்தை கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள், பகல் வெளிச்சத்தில் போடுங்கள். ஜூனில் ஏழரைக்கு மேல்தான் விடியும், ஆறு, ஆறேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். இருட்டினால் குடு, ஓரிக்ஸ் மாதிரி மாட்டளவு மான்கள் ரோட்டுக்கு வரும், மோதினால் அவையும் பிழைக்காது, நாமும் பிழைப்பது கஷ்டம். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கிறது. சரளையில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் என்று வைத்து, மாலை நாலு மணிக்கு வண்டி நிற்கிற மாதிரித் திட்டம் போடுங்கள். மதியம் பன்னிரண்டுக்குப் பாதித் தூரம் தாண்டவில்லை என்றால் அன்றைக்கு எங்கே தங்குவது என்று அப்போதே முடிவெடுத்துவிடவேண்டும்.

சரி, ஊர்களுக்கு வருவோம்.

ஸ்வகோப்முண்ட் 1892ல் ஜெர்மானியர்கள் துறைமுகத்துக்காக உண்டாக்கிய ஊர். கட்டடமெல்லாம் ஜெர்மன் பாணியில் அழகாக இருக்கும், பேக்கரி ரொட்டி நன்றாக இருக்கும், குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். ஆனால் அந்த ஊரின் இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். 1904 முதல் 1908 வரை ஹெரெரோ, நாமா மக்களை ஜெர்மன் படைகள் கொன்று குவித்தன, இங்கே ஒரு தடுப்பு முகாம் இருந்தது. ஊரின் தெற்கு ஓரத்தில் இருக்கிற இடுகாட்டில் பெயரில்லாத மணல்மேடுகளாக அவர்கள் கிடக்கிறார்கள். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

இங்கிருந்து ஒரு நாள் வடக்கே போங்கள். ஜெய்லாவும் ஹென்டீஸ் பேயும் வழியிலேயே வரும், 120 கிலோமீட்டரில் கேப் கிராஸ். போர்த்துகீசியர் டியோகோ காவ் 1480களில் கல் சிலுவை நட்ட இடம். இப்போது அங்கே கடல்நாய்க் கூட்டம், பாறை தெரியாத அளவுக்கு லட்சக்கணக்கில் சீல்கள். மீன் வந்து இறங்குகிற சசூன் டாக்கில் விடியற்காலை நின்று பழகியவர்களுக்கும் அந்த நாற்றம் புதிதுதான், துண்டை எடுத்துப் போங்கள். ஹென்டீஸ் பே தாண்டினால் உப்புநீர் ஊற்றிக் கெட்டிப்படுத்திய உப்புச் சாலை வரும். காய்ந்திருக்கும்போது தார் ரோடு மாதிரி, காலை மூடுபனியில் நனைந்திருக்கும்போது சோப்புத் தண்ணீர் ஊற்றின தரை மாதிரி. பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். ரோட்டை விட்டுச் சமவெளியில் வண்டியை இறக்காதீர்கள், அங்கே கல்லில் ஒட்டி வளர்கிற பாசிகளுக்குப் பனிதான் தண்ணீர், ஒரு டயர் தடம் பல பத்து வருடம் அழியாமல் கிடக்கும்.

வால்விஸ் பே 1994 வரை தென்னாப்பிரிக்கா கையில் இருந்தது, நாடு சுதந்திரம் அடைந்து நாலு வருடம் கழித்துத்தான் நமீபியாவோடு சேர்ந்தது. ஊரில் பார்க்க அதிகமில்லை, காயல்தான் அழகு. சிவ்ரியிலும் தானே கழிமுகத்திலும் நாம் பார்க்கிற அதே இரண்டு இனப் பூநாரைகள்தான், பக்கத்திலேயே உப்பளமும் உண்டு, என் மனைவி வடாலா மாதிரியே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். சாண்ட்விச் ஹார்பர் போவதென்றால் உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் போங்கள். ஒரு பக்கம் மணல்மேடு, ஒரு பக்கம் கடல், ஓதம் ஏறினால் வண்டியைக் கடல் எடுத்துக்கொள்ளும்.

சாப்பாட்டுக்கு: அது இறைச்சி தின்கிற நாடு. சைவமானால் தங்குமிடத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள், சமையல் மேடை இருக்கிற அறையாகப் பாருங்கள். மாட்டுங்காவில் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் பாக்கெட்டில் கட்டி வாங்கிக்கொள்ளலாம், கறிவேப்பிலை, பழம் போன்ற பச்சைப் பொருளெல்லாம் கொண்டு போகாதீர்கள். சூப்பர்மார்க்கெட்டில் மஹாங்கு மாவு என்று கேளுங்கள். அது நம் கம்பு மாவேதான். வட நமீபியாவில் அதைக் களியாகக் கிண்டிக் கையால் பிட்டுச் சாப்பிடுகிறார்கள். மச்சான் தயிரும் வெங்காயமும் வைத்து மூன்று நாள் அதையே சாப்பிட்டான், உடன்குடியில் ஆச்சி கிண்டுகிற பதம் வந்துவிட்டது என்று சந்தோஷம் அவனுக்கு.

வால்விஸ் பேயிலிருந்து சாலிட்டேர், செஸ்ரிம், ஔஸ் என்று லூடரிட்ஸுக்கு இறங்க இரண்டு பகல் முழுதாக வேண்டும், மூன்று என்றால் நல்லது. செஸ்ரிமில் சிவப்பு மணல்மேடு ஏறுவதற்கு ஒரு காலை ஒதுக்குங்கள். திசையன்விளை, குதிரைமொழி பக்கம் தேரிக்காட்டில் நடந்தவர்களுக்கு அந்த மணலின் நிறம் புதிதல்ல, ஆனால் இங்கே அது முந்நூறு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. சரிவில் ஏறாமல் விளிம்பிலேயே நடந்தால் மூச்சு வாங்காது.

ஔஸிலிருந்து லூடரிட்ஸ் 125 கிலோமீட்டர் தார் ரோடு. முதல் இருபது கிலோமீட்டரில் கருப் என்ற இடத்தில் பாலைவனக் காட்டுக் குதிரைகள் தண்ணீர் குடிக்க வரும், கீழே இறங்காமல் காத்திருந்து பாருங்கள். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பழைய வைரத் தடைப் பகுதி, இப்போது தேசியப் பூங்கா, ரோட்டை விட்டு ஓர் அடிகூட இறங்கக்கூடாது. தரையில் கிடக்கிற எந்தக் கல்லையும் எடுக்காதீர்கள், யாராவது பட்டை தீட்டாத வைரம் என்று காட்டினால் பேசாமல் நகர்ந்துவிடுங்கள், அதை வைத்திருப்பதே குற்றம். ஊரை நெருங்கும்போது காற்று மணலை ரோட்டுக்குக் குறுக்கே கொண்டுவந்து குவித்திருக்கும், வேகமாகப் போய் அதில் மோதினால் சுவரில் மோதுவது போல.

ஆளில்லாமல் மணலில் புதைந்து கிடக்கிற கோல்மன்ஸ்கோப், லூடரிட்ஸுக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. 1908ல் ரயில் பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த ஸகரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி ஒரு வைரத்தைக் கண்டெடுத்துத் தன் மேற்பார்வையாளரிடம் கொடுத்தார். அவருக்கு அதில் ஒரு காசு கிடைக்கவில்லை. கொடுத்த கல்லில் ஒரு ஊரே எழும்பியது, ஆஸ்பத்திரி, ஐஸ் தொழிற்சாலை, நடன மண்டபம் என்று. 1956க்குள் எல்லாரும் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். பொதுவாக மதியம் ஒரு மணியோடு மூடிவிடுவார்கள், அதனால் காலையிலேயே போங்கள், விடியற்காலை வெளிச்சத்தில் படம் எடுக்கத் தனி அனுமதி தருகிறார்கள். நாங்கள் போன வீட்டில் ஒரு கதவு பாதி திறந்தபடி மணலில் புதைந்து நின்றது, மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. உள்ளே சுவரில் நீலச் சாயம் அப்படியே, இடுப்பளவுக்கு மணல், அதன்மேல் ஏதோ பூச்சி நடந்துபோன சின்னத் தடம் ஜன்னல் வரை. என் மனைவி லெவாலாவின் பெயரை அந்த மணலில் தமிழில் எழுதிவைத்தாள்.

லூடரிட்ஸில் இரண்டு இரவு தங்குங்கள். டயஸ் முனையில் காற்று ஆளைத் தள்ளும், எதிரே ஹாலிஃபாக்ஸ் தீவில் பெங்குவின்கள், பைனாகுலர் இருந்தால் கரையிலிருந்தே தெரியும். ஷார்க் தீவில் கூடாரம் போட இடம் இருக்கிறது, கடல் காட்சி அருமை என்று சொல்வார்கள். 1905 முதல் 1907 வரை நாமா, ஹெரெரோ மக்களை அடைத்து வைத்துச் சாகவிட்ட முகாம் அந்தத் தீவில்தான் இருந்தது. நாங்கள் அங்கே தங்கவில்லை, ஊருக்குள் அறை எடுத்தோம், பகலில் போய் நினைவுக்கல்லைப் பார்த்துவிட்டு வந்தோம். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

யாரிடம் வழி கேட்டாலும், கடையில் எது வாங்கினாலும், முதலில் வணக்கம் சொல்லி எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் காரியத்துக்கு வரவேண்டும். நேராக "பெட்ரோல் எங்கே" என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கிவிடும். படம் எடுப்பதற்கு முன்பும் கேளுங்கள்.

திரும்பும்போது பி4 வழியாகக் கீட்மன்ஸ்ஹூப், அங்கிருந்து பி1ல் வடக்கே விண்ட்ஹூக். இரண்டு பகலாகப் பிரித்து ஓட்டுங்கள். விமான நிலையம் ஊரிலிருந்து 45 கிலோமீட்டர் வெளியே, காலை விமானமானால் முதல் நாளே வண்டியை ஒப்படைத்துவிடுங்கள், கொடுப்பதற்கு முன் நாலு பக்கமும் டயரையும் கண்ணாடியையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாமல் பாஸ்போர்ட்டோடு கையிலேயே வைத்திருங்கள். பலகையை மட்டும் நாங்கள் வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தோம், அடுத்து எடுக்கிறவருக்கு உதவும்.